சொல்லிவிட்டுப் போகிறவன்

எனக்கு வாயாடிகளைக் கண்டால் ஆகாது. தேயிலை மலையில் கொழுந்து வெட்டுகிறவனுக்குப் பேச்சு எதற்கு? மெஷின் சத்தத்திலேயே காது பாதி போய்விடுகிறது, மிச்சத்தை வீட்டில் மனைவி பார்த்துக்கொள்கிறாள். அப்படிப்பட்ட எனக்குப் போய், வாயை மூடத் தெரியாத ஒருத்தனை ஜோடியாகப் போட்டார்கள். நாங்கள் குடியிருக்கிற லயத்து வீடுகளில் அவனுக்கு ரேடியோ என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் எனக்குத் தெரியும், எழுத மாட்டேன். அவனைக் கேட்டால் தாராளமாக எழுதுங்கள் என்பான். கூடவே வீட்டு நம்பரையும் செய்த குற்றத்தையும் சேர்த்து எழுதச் சொல்லுவான்.

ஜோடி என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். எங்கள் தோட்டத்தில் கையால் கிள்ளுகிற வேலை குறைந்துவிட்டது. செடி வரிசைக்கு இந்தப் பக்கம் ஒருவன், அந்தப் பக்கம் ஒருவன், இருவருக்கும் நடுவே செடியின் தலைமேல் மெஷின். பின்னால் ஒரு வங்காளதேசத்து ஆள் கொழுந்து விழுகிற பையைப் பிடித்துக்கொண்டு வருவார். இரண்டு பேரும் ஒரே நடை நடக்க வேண்டும். ஒருவன் முந்தினால் கத்தி சாய்ந்து முற்றல் இலையையும் குச்சியையும் சேர்த்து அள்ளிவிடும். சரிவில் ஒருவன் வழுக்கினால் மற்றவனும் உருள வேண்டியதுதான். கல்யாணத்துக்குப் பார்ப்பதைவிட இதற்குத்தான் அதிகம் பொருத்தம் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

எனக்கு யாரும் பொருத்தம் பார்க்கவில்லை. என் பழைய ஜோடி கோலா தெர்லாவில் தக்காளித் தோட்டத்துக்குப் போய்விட்டான். மறுநாள் காலைப் பெரட்டில் ஆட்களை நிறுத்தி வேலை பிரிக்கும்போது, எங்களை மேய்க்கிற மேஸ்திரியான மண்டோர் ஒரு புது ஆளைக் கூட்டிவந்து நிறுத்தினார். முப்பத்தைந்து வயதிருக்கும். ஒல்லியான உடம்பு, பெரிய காது. மண்டோர் வாயைத் திறப்பதற்குள் அவன் ஓர் அடி முன்னால் வந்தான்.

"வணக்கம்ணே, வணக்கம்க்கா. நான் மோட்டார் சைக்கிள் திருடி ஜெயிலுக்குப் போனவன். இப்ப பரோல்ல வெளிய விட்டிருக்காங்க. சாயங்காலம் ஏழு மணிக்கு வீட்டுக்குள்ள இருக்கணும். தண்ணி, கஞ்சா தொடக் கூடாது. இந்தக் கேமரன் மலைய விட்டு எறங்கக் கூடாது. நான் ஏதாச்சும் தப்பாப் போனா சொல்லிடுங்க லா."

எல்லாரும் அவரவர் பூட்ஸைப் பார்த்தோம். இப்படிப்பட்ட சமாச்சாரத்தை ஊர் தானாகத் துருவிக் கண்டுபிடித்து, கிணற்றடி, குழாயடி என்று பக்குவமாகப் பரப்புவதுதான் முறை. அந்தச் சந்தோஷத்தையே ஒருத்தன் முதல் நாளில் பறித்துக்கொண்டால் எப்படி இருக்கும்? யாரும் அவனோடு மெஷின் பிடிக்க முன்வரவில்லை. மண்டோர் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். வானம் உதவவில்லை.

நடை நன்றாகத்தான் நடந்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் இன்ஜின் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசினான். "அண்ணே, ஒண்ணுக்குப் போறேன், இதோ வந்துடறேன்." "அண்ணே, சாப்பாட்டு நேரத்துல கடைக்குப் போறேன், அரை மணி." போகிற இடம், திரும்புகிற நேரம் இரண்டையும் சொல்லாமல் அவன் ஓர் அடி எடுத்து வைத்து நான் பார்த்ததில்லை.

இதில்தான் என் மனைவிக்கும் அவனுக்கும் முதலில் முட்டிக்கொண்டது. நம்மவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. வெளியே கிளம்புகிறவனை எங்கே போகிறாய் என்று கேட்கக் கூடாது, போகிற காரியம் விளங்காது. என் மனைவி அதில் ரொம்பக் கண்டிப்பு. அவன் இருந்ததோ எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி. தினமும் எங்கள் வாசலில் நின்று, யாரும் கேட்காமலே, "அண்ணி, ரிங்லெட்டுக்குப் போறேன், அஞ்சு மணி பஸ்ஸுல வந்துடுவேன்" என்பான்.

"யாருப்பா இப்ப உன்ன கேட்டா?" என்பாள் இவள்.

"கேக்கலைன்னாலும் தெரிஞ்சிருக்கணும்ல அண்ணி."

முதல் வாரம் இவள் எங்கள் மோட்டார் சைக்கிளைக் கொய்யா மரத்தோடு சங்கிலி போட்டுப் பூட்டி வைத்தாள். அவன் அதைப் பார்த்துவிட்டு ரொம்ப அக்கறையாகச் சொன்னான். "அண்ணி, இந்தப் பூட்டு சரியில்ல. தட்டுனா தொறந்துக்கும். இரும்புக் கடையில தடியா ஒண்ணு இருக்கு, அத வாங்குங்க." இவள் பேச்சு வராமல் நின்றாள். எங்கள் குடும்ப வாழ்க்கையில் அது ஓர் அபூர்வக் காட்சி. மறுநாளே தடியான பூட்டு வாங்கினோம். அதற்கு அடுத்த மாதம் சாவியை அவனிடம் கொடுத்துப் பெட்ரோல் போட்டுவரச் சொன்னாள்.

பரோல் என்றால் கதவைத் திறந்து விட்டுவிடுவார்கள், அப்புறம் அவன் பாடு என்றுதான் நான் நினைத்திருந்தேன். பார்த்தால் அது நாய் படாத பாடாக இருந்தது. அவனைக் கண்காணிக்கிற அதிகாரியை எல்லாரும் துவான் என்போம். துவான் நினைத்த நேரத்தில் போன் செய்வார், எடுக்க வேண்டும். எங்கள் பள்ளத்திலோ போனுக்கு லைன் கிடைக்காது. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு பாறை இருக்கிறது, அதன்மேல் ஏறி நின்றால்தான் கிடைக்கும். இவன் வேலை முடிந்து வந்ததும் பாறைமேல் உட்கார்ந்துவிடுவான், மழையென்றால் குடையோடு. அங்கிருந்தபடியே கீழே போகிறவர்களிடம் நாட்டு நடப்பைப் பேசுவான். துவான் கூப்பிடுகிற நேரத்தில், போனைப் பாறையிலேயே வைத்துவிட்டு ஏதாவது வேலையாக அவன் இறங்கியிருந்தால், அந்தப் பக்கமாகப் போகிற யாராவது போனை எடுத்து, "இருக்கான் துவான், குளிக்கிறான்" என்று மலாயில் சொல்லிவிட்டு ஓடிப்போய்க் கூப்பிடுவார்கள். அவன் கேட்டுக்கொண்டதில்லை. அவன் கணக்கு எங்கள் எல்லாருக்கும் மனப்பாடம் ஆகிவிட்டது, அவ்வளவுதான். சாயங்காலம் அவன் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டுத்தான் என் மனைவி சாமி விளக்கேற்றுவாள்.

ஒரு பள்ளி விடுமுறைச் சனிக்கிழமை. பிரிஞ்சாங்குக்கு உரம் ஏற்ற எஸ்டேட் லோரியில் போனோம். திரும்பும்போது மாட்டிக்கொண்டோம். விடுமுறையில் எங்கள் மலை ரோட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கோலாலம்பூர்க்காரர்கள் அத்தனை பேரும் ஒரே நாளில் ஸ்ட்ராபெரி தின்ன வந்துவிடுவார்கள். லோரி நகரவே இல்லை. மணி ஆறு தாண்டிவிட்டது. அவன் கடிகாரத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், "அண்ணே, நடந்து போறேன்" என்று குதித்துவிட்டான். நடந்தால் எட்டு மணிக்குக்கூடப் போய்ச் சேர முடியாது என்று எனக்குத் தெரியும்.  ஒரு நாள் தவறினால் உள்ளே அனுப்பிவிடுவார்களா, இரண்டு நாள் பொறுப்பார்களா, அதெல்லாம் எனக்கு விளங்காத விஷயம். அவனும் சோதித்துப் பார்க்கத் தயாராக இல்லை.

வேறொருத்தனாக இருந்தால் முன்னால் மாத்தாவைக் கண்டதும் ஒதுங்கியிருப்பான். போலீஸ்காரர்களை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். இவன் கார்களை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்த மாத்தாவிடம் நேராகப் போய்த் தன் கதையை முதலிலிருந்து ஆரம்பித்தான். கை கட்டி, தலையாட்டி, கடிகாரத்தைக் காட்டி. லோரியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மனிதர் தொப்பியைத் தூக்கித் தலையைச் சொறிந்தார். பிறகு அவனைத் தன் மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏற்றிக்கொண்டு, கார்களுக்கு நடுவே புகுந்து போய்விட்டார்.

லயத்தில் நடந்ததைப் பிற்பாடுதான் கேள்விப்பட்டேன். மாத்தாவின் வண்டியில் இவன் வந்து இறங்கியதும் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார்கள் என்று கூட்டம் கூடிவிட்டதாம். என் மனைவி கையில் அகப்பையோடு ஓடிப்போய், "எங்க புள்ள என்ன தப்பு செஞ்சான்? இன்னும் ஏழாகல, நான் வெளக்குகூட ஏத்தல" என்று தமிழிலேயே அந்த மலாய்க்கார மாத்தாவிடம் சண்டைக்கு நின்றிருக்கிறாள். அவர் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் போனார்.

அவனுக்கு உறவென்று இருந்தது தாப்பாவில் கட்டிக்கொடுத்த ஒரே தங்கச்சி. அவளுக்குப் பெண் குழந்தை. காது குத்த வேண்டும், தாய்மாமன் மடியில் உட்கார்த்தி. தாப்பாவோ மலைக்குக் கீழே, வேறு மாநிலம். அவன் துவானிடம் சொல்லி, முறையாகக் கேட்டு, விழாவுக்குக் குறித்த ஞாயிற்றுக்கிழமைக்கு அனுமதியும் வாங்கிவிட்டான். தோடு வாங்கி வைத்துக்கொண்டு லயம் முழுக்கக் காட்டினான். விழாவுக்கு முந்தின வாரம் வெள்ளிக்கிழமை தங்கச்சி மலையேறி வந்தாள். எங்கள் வீட்டில்தான் உட்கார்ந்து பேசினார்கள்.

"அண்ணே, அந்த ஞாயித்துக்கெழம கரிநாளாம். மாமியார் தேதிய முன்னாடி தள்ளிட்டாங்க. நாளன்னிக்கே வச்சாச்சு."

"நாளன்னிக்கா? எனக்கு அனுமதி அடுத்த வாரத்துக்குல குடுத்திருக்காங்க."

"ஒரு வாரந்தானேண்ணே." அவள் குரலை இறக்கினாள். "இன்னொண்ணு. அவங்க வீட்டுல நீ சிங்கப்பூர்ல வேலை பாக்குறதா சொல்லி வச்சிருக்கேன். அங்க வந்து உன் கதையெல்லாம் யார்கிட்டயும் பேசாதே. உன் காலப் புடிச்சுக் கேக்குறேன்."

அவன் மறுநாள் சனிக்கிழமை முழுக்கப் பாறைமேல் நின்று போன் செய்தான். துவான் லீவில் இருந்தார். அவருக்குப் பதிலாக இருந்தவர் போனில் தேதியை மாற்ற முடியாது என்றுவிட்டார்.

இந்த இடத்தில் நாங்கள் செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும். ஒன்றரை வருஷமாக அவனுடைய ஏழு மணியைக் காவல் காத்த அதே ஜனங்கள், ஞாயிற்றுக்கிழமை காலையில் அவனைப் பிடித்து வேனில் ஏற்றினோம். தாய்மாமன் மடி என்பது சின்ன விஷயமா? "குடுத்த அனுமதிதானே, ஒரு வாரம் முன்னாடி எடுத்துக்கிட்டா என்ன?" என்றாள் என் மனைவி, ஏதோ சம்பள அட்வான்ஸ் மாதிரி. "காலையில போயி மத்தியானம் வந்துடலாம், யாரு பாக்கப் போறா?" என்றார் மண்டோர். நானும் சீர்த்தட்டைத் தூக்கி வைத்தேன். புதுச் சட்டை போட்டு, தோட்டுப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அவன் ஜன்னலோரம் உட்கார்ந்தான்.

ரிங்லெட்டைத் தாண்டி வளைவுகளில் இறங்கும்போதுதான் எனக்கு உறைத்தது. அவன் இன்றைக்கு யாரிடமும் எங்கே போகிறேன் என்று சொல்லவில்லை. எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்றும் சொல்லவில்லை. வேனில் ஏறியதிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. நான் கேட்டு ஏங்கிய அமைதி அதுதான். ஆனால் எனக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை.

மாநில எல்லைப் போர்டு தூரத்தில் தெரிந்தது. "நிப்பாட்டுங்கண்ணே" என்றான்.

டிரைவர் ஓரங்கட்டினார். அவன் இறங்கி ரோட்டோரம் நின்றான். என் மனைவி பதறி, "என்னப்பா, வாந்தி வருதா?" என்றாள்.

"இல்ல அண்ணி." அந்தப் போர்டைக் கையால் காட்டிவிட்டு என் பக்கம் திரும்பினான். "அண்ணே, எனக்கு கோர்ட்டுல முதல்ல ஜெயில் குடுக்கல. நன்னடத்த ஜாமீன்தான் குடுத்தாங்க. மாசா மாசம் ஆபிசருகிட்ட போயி நிக்கணும், அவ்ளோதான். அப்ப கோலாலம்பூர்ல ஒரு பட்டறையில வேலை. லீவு கேட்டா முதலாளி எதுக்குனு கேப்பாரு. சொல்ல வெக்கம். ஒரு மாசம் வயித்து வலின்னேன். அடுத்த மாசம் பாட்டி செத்துட்டாங்கன்னேன். அதுக்கு அடுத்த மாசம் சாகடிக்க ஆளு இல்ல, போகல. அப்படியே விட்டுட்டேன். மாத்தா பட்டறைக்கே வந்துட்டாங்க. மோட்டார் திருடுனதுக்கு நான் உள்ள போகலண்ணே. வெக்கப்பட்டதுக்குத்தான் போனேன்."

அவன் ஏன் வாயை மூடுவதில்லை என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

"இப்ப என்ன செய்யறது?" என்றாள் என் மனைவி.

"நீங்க சீர எடுத்துட்டுப் போங்க அண்ணி. தங்கச்சிகிட்டச் சொல்லுங்க, நான் போர்டுக்கு இந்தப் பக்கம் உக்காந்திருக்கேன்னு. அதுக்கு மேல என்னால வர முடியாது."

"அவ மாமியார் கேட்டா?"

"உள்ளதச் சொல்லிடுங்க."

வேன் போனது. அருகில் மலைவாசிகளான ஒராங் அஸ்லிக்காரர்கள் பெத்தாய்க் காயும் தேனும் விற்கிற ஒரு கொட்டகை இருந்தது. அதிலிருந்த பெஞ்சில் நானும் அவனும் உட்கார்ந்தோம். கடைக்காரப் பெண் எங்களைப் பார்த்துச் சிரித்தாள். இவன் பதிலுக்குச் சிரித்தான், ஆனால் தன் கதையை அவளிடம் சொல்லவில்லை. நிலைமை அவ்வளவு மோசம்.

"வருவாங்களாண்ணே?"

"வருவாங்க" என்றேன். எனக்கு நம்பிக்கை இல்லை. அவமானப்பட்ட மாமியார் வேறு யார் மடியிலாவது குழந்தையை உட்கார்த்திக் காரியத்தை முடித்துவிடலாம். தங்கச்சி இனி முகத்தில் முழிக்காதே என்றுகூடச் சொல்லலாம். ஒன்றரை வருஷம் ஒழுங்காக இருந்ததற்குக் கிடைக்கிற பரிசு இதுதானா என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யார்மேல் என்று தெரியாததால் பெத்தாய் விலையைக் குறைத்துக் கேட்டுக் கடைக்காரியோடு பேரம் பேசினேன்.

வெயில் உச்சிக்கு வந்தபோது எங்கள் வேன் வளைவில் தெரிந்தது. அதன் பின்னால் ஒரு கார், அதற்குப் பின்னால் இன்னொரு கார். முதலில் இறங்கியது ஒரு கனத்த அம்மாள், பட்டுச்சேலை. தங்கச்சியின் மாமியார் என்று பார்த்தவுடனே தெரிந்தது. அவருக்குப் பின்னால் அழுது முகம் வீங்கிய தங்கச்சி, இடுப்பில் குழந்தை. கடைசியாக என் மனைவி, ஒன்றும் அறியாதவள் மாதிரி.

மாமியார் நேரே வந்து அவன் முன்னால் நின்றார். "சிங்கப்பூர்லேர்ந்து வர இவ்ளோ நேரமா?"

அவன் எழுந்து நின்றான். "சிங்கப்பூர் இல்லம்மா. ஜெயில்ல இருந்தேன். இப்ப பரோல்ல இருக்கேன். அந்தப் போர்டத் தாண்டக் கூடாது."

"உங்க அண்ணி எல்லாத்தையும் சொல்லிட்டாங்க." அவர் மருமகள் பக்கம் திரும்பினார். "எனக்கு அப்பவே சந்தேகம். சிங்கப்பூர்ல இருக்குற மாமன் ஒரு சாக்லேட்டுகூடவா அனுப்ப மாட்டான்? கஞ்சப்பய குடும்பத்துல பொண்ணு எடுத்துட்டோமேனு இத்தன நாளா நெனச்சிட்டிருந்தேன்." மறுபடியும் அவனிடம் திரும்பினார். "நல்ல நேரம் முடியப் போவுது. உக்காரு. கால நல்லா உள்ள இழுத்துக்க, போர்டுப் பக்கம் நீட்டாத."

அவன் பெஞ்சில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். குழந்தையை மடியில் வைத்தார்கள். தாப்பாவிலிருந்து வந்திருந்த பத்தர் பெட்டியைத் திறந்தார். போகிற லோரிகள் எல்லாம் ஹார்ன் அடித்தன. ஊசி பட்டதும் குழந்தை வீறிட்டது. அதைவிடச் சத்தமாக மாமன் அழுதான். கடைக்காரப் பெண் இரண்டு பேருக்கும் தேன் கொடுத்தாள். அடுத்த நிமிஷமே ரேடியோ பாட ஆரம்பித்துவிட்டது. மூக்கைத் துடைத்துக்கொண்டு பத்தரிடம், "அண்ணே, நான் மோட்டார் சைக்கிள் திருடி ஜெயிலுக்குப் போனவன்" என்று தொடங்கினான். பத்தர் அனிச்சையாகத் தங்கப் பெட்டியை மூடினார். மாமியார் சிரித்த சிரிப்பில் பட்டுச்சேலை நலுங்கியது.

அதற்குப் பிறகு சில மாதங்களில் பரோல் முடிந்தது. துவானே மலையேறி வந்து கைகொடுத்துவிட்டுப் போனார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அவன் குளித்து, தலைவாரி, எங்கள் வாசலைக் கடந்து பஸ்ஸுக்கு நடந்தான். நின்றான், சிரித்தான், ஒன்றும் சொல்லவில்லை, போய்விட்டான். என் மனைவி வாசல்வரை வந்து பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கே போகிறாய் என்ற கேள்வி தொண்டைவரை வந்ததை நான் பார்த்தேன். வழக்கம் தடுத்துவிட்டது.

ஆறு மணிக்கு அவள் ஒருதரம் வெளியே போய்ப் பார்த்தாள். ஏழுக்குக் கதவுச் சத்தம் கேட்கவில்லை. விளக்கில் எண்ணெய் ஊற்றி, திரி போட்டு, தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். "ஏத்த வேண்டியதுதானே, அவனுக்குத்தான் எல்லாம் முடிஞ்சிடுச்சே" என்றேன். முறைத்தாள். பக்கத்து வீட்டிலும் வெளியே வந்து நின்றார்கள். மண்டோர் சும்மா நடக்கிறேன் என்று பாறைவரை போய்விட்டு வந்தார். நான் மட்டும் உள்ளே இருந்தேன், ஜன்னலோரமாக.

எட்டரைக்கு அவன் வந்தான், கையில் பொட்டலத்தோடு. வாசல் வாசலாக ஆள் நிற்பதைப் பார்த்துத் திகைத்துவிட்டான்.

"என்னாச்சு? யாருக்காச்சும் முடியலையா?"

"எங்கடா போயித் தொலஞ்ச?" என்றாள் என் மனைவி. இருபத்தைந்து வருஷ வழக்கம் ஒரே மூச்சில் போனது.

"சும்மாதான் அண்ணி. தாப்பாவுக்குப் போயி மருமவளப் பாத்தேன். அப்புறம் பஸ் எங்க போவுதோ அங்கல்லாம் போனேன். இனிமேதான் யார்கிட்டயும் சொல்ல வேண்டியதில்லையே."

"துவானுக்குச் சொல்ல வேண்டியதில்ல. எங்களுக்கு?"

அவன் கையிலிருந்த பொட்டலத்தை அவளிடம் நீட்டினான்.  என் மனைவி உள்ளே போய் விளக்கேற்றினாள்.

இப்போது அவன் ஈப்போவில் ஒரு பட்டறையில் இருக்கிறான். எனக்கு வேறு ஜோடி, நல்ல அமைதியான ஆள், நான் ஆசைப்பட்ட மாதிரியே. தினமும் சாயங்காலம் என் மனைவி போனை எடுத்துக்கொண்டு பாறைக்குப் போகிறாள். திரும்பி வந்து, "வீட்டுக்கு வந்துட்டானாம்" என்பாள். அப்புறம்தான் எங்கள் வீட்டில் விளக்கு.